விகதகுமாரனின் சரோஜினி

மலையாளத்தின் முதல் சினிமாவை எடுத்தவர் எந்த ஊர்க்காரர் தெரியுமா? திருவனந்தபுரம் என்பீர்கள், கொச்சி என்பீர்கள். இரண்டும் இல்லை. அகஸ்தீஸ்வரம். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் இருக்கும் அதே அகஸ்தீஸ்வரம்தான். சரி, அந்தப் படத்தின் கதாநாயகி கடைசிக் காலம்வரை எங்கே வாழ்ந்தார்? நாகர்கோவிலில். எந்தப் பெயரில்? ராஜம்மாள் என்ற பெயரில். தான் நடிகை என்பதை ஊரில் யாருக்கும் சொல்லாமல்.

அவர் பெயர் பி.கே. ரோசி. கேரளத்தில் இன்று சினிமா பேசுகிறவர்கள் எல்லோரும் மரியாதையோடு சொல்கிற பெயர். ஆனால் நம் தமிழ்க் குடும்பங்களில், அதுவும் பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியிக்காவிளைப் பக்கத்திலிருந்து கிளம்பி உலகமெங்கும் போய் உட்கார்ந்திருக்கும் நம் குடும்பங்களில், இந்தப் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. இங்கே மஸ்கட்டில் எங்கள் கிளையில் என்னோடு வேலை பார்க்கும் மலையாள நண்பர் ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரோசியைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு, "கடைசியில் தமிழ்நாட்டுக்கு ஓடிப்போய்விட்டார்" என்று முடித்தார். அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு உறுத்தியது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பி.காம். படித்துவிட்டு வங்கியில் லெட்ஜர் பார்க்கிறவனுக்குச் சரித்திரம் எதற்கு என்று கேட்காதீர்கள். எங்களுக்கு ஒரே ஒரு விதி தெரியும். ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியாக வேண்டும். ரோசியின் கணக்கில் பற்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அந்த நாளைய நம் ஊர்

ரோசி 1903இல் திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் புலையர் குடும்பத்தில் பிறந்தார் என்று குறிக்கிறார்கள். சிறு வயதிலேயே தகப்பனார் இறந்துவிட, குடும்பம் வறுமையில் விழுந்தது. புல் அறுத்து விற்றுப் பிழைத்தார். அவர் பிறந்த காலத்தின் நிலைமை புரிந்தால்தான் அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும். அதனால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து அரசாணை வந்தது 1855இல். அதாவது ரோசி பிறப்பதற்கு வெறும் 48 வருடம் முன்னால்வரை அவருடைய சாதியாரை நிலத்தோடு சேர்த்து விற்கலாம், வாங்கலாம், ஒற்றிக்கு வைக்கலாம். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் உங்களுக்குத் தெரியும். சுமார் 50 வருடம் அடியும் உதையும் பட்ட பிறகு 1859இல்தான் மகாராஜாவின் அனுமதி கிடைத்தது. அதிலும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு!

அதற்குப் பிறகு நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சம்பவங்கள். 1888இல் நெய்யாற்றங்கரையோரம் அருவிப்புரத்தில் ஸ்ரீநாராயண குரு தன் கையால் சிவனைப் பிரதிஷ்டை செய்தார். பிராமணர் அல்லாத ஒருவர் அப்படிச் செய்யலாமா என்று கேள்வி வந்தது. 1893இல் வெங்ஙானூர் அய்யன்காளி வில்வண்டி கட்டிக்கொண்டு, தன் சாதியார் நடக்கவே கூடாத பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். அதே அய்யன்காளி பஞ்சமி என்ற சிறுமியைக் கைப்பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனபோது, அந்தப் பெண் உட்கார்ந்த பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள். 1915இல் கொல்லம் பக்கம் பெரிநாட்டில் புலையர் பெண்கள் கழுத்தில் கட்டாயமாகப் போட்டிருந்த கல்மாலையை அறுத்து எறிந்தார்கள். அவர்களுக்குப் பொன் ஆபரணம் கூடாது, கல்லும் கண்ணாடியும்தான் என்பது ஊர்க்கட்டுப்பாடு.

கல்மாலை அறுபட்டபோது ரோசிக்கு 12 வயது. நல்ல துணி உடுத்துவது, நகை போடுவது, தலையில் பூ வைப்பது, பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்காருவது, எல்லாமே அன்றைக்குச் சண்டை போட்டு வாங்க வேண்டிய சமாச்சாரங்கள். இந்தப் "பூ" விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

காக்காரிசிக்காரி

தென் திருவிதாங்கூரில் காக்காரிசி நாடகம் என்று ஒரு கூத்து உண்டு. சிவனும் பார்வதியும் காக்கானும் காக்காத்தியுமாக, அதாவது குறி சொல்லிப் பிழைக்கும் நாடோடிகளாக, பூமிக்கு வந்து ஊர் ஊராகத் திரிவார்கள். தம்புரான் ஒருவர் "நீ யார், எங்கிருந்து வருகிறாய், எதற்கு வந்தாய்?" என்று கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். காக்கான் ஏட்டிக்குப் போட்டியாகப் பதில் சொல்லுவான். ஆட்டம், பாட்டு, நையாண்டி எல்லாம் உண்டு. இதில் நமக்கு முக்கியமானது என்னவென்றால், இந்தக் கூத்தின் பாஷை சுத்த மலையாளமும் இல்லை, சுத்தத் தமிழும் இல்லை. இரண்டும் கலந்தது. பாறசாலை பஸ் ஸ்டாண்டில் இன்றைக்கும் காதில் விழுகிற பாஷை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்தக் கூத்தில் காக்காத்தி வேடத்தையும் ஆண்களேதான் கட்டிவந்தார்கள். அதில் துணிந்து இறங்கிய பெண் ரோசி. பகலில் புல் அறுப்பு, கூலி வேலை. ராத்திரியில் கூத்து மேடை. ஒரு பெண் மேடையேறினாலே அவளைப் பற்றி ஊர் என்னவெல்லாம் பேசும் என்பது உங்களுக்கே தெரியும். 1920களில், அதுவும் ஒரு புலையப் பெண்ணைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள்? ஆனாலும் அவர் ஆடினார். நன்றாகவே ஆடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சினிமா எடுக்க வந்தவர்கள் கண்ணில் பட்டிருக்க மாட்டார்.

நிலத்தை விற்றுப் படம் எடுத்தவர்

ஜே.சி. டேனியல் வசதியான நாடார் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. தகப்பனார் டாக்டர். பையனுக்குக் களரிப்பயிற்றிலும் சிலம்பத்திலும் பைத்தியம். வாள்வீச்சுக் கலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். களரியை உலகத்துக்குக் காட்ட சினிமாதான் வழி என்று தோன்றியது. சென்னைக்குப் போனார், பம்பாய்க்குப் போனார், தொழிலை வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தார். குடும்ப நிலத்தை விற்றார். திருவனந்தபுரம் பட்டத்தில் "திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்" என்று கம்பெனி தொடங்கினார். கதை, காமிரா, இயக்கம், தயாரிப்பு, கதாநாயகன் எல்லாம் அவரே.

ஒரு கடன் அதிகாரியாகச் சொல்கிறேன், இந்த புராஜெக்ட் ரிப்போர்ட்டை என் மேஜைக்குக் கொண்டுவந்தால் நான் முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவேன். முன் அனுபவம் இல்லை. ஈடு வைக்க நிலம் ஏற்கெனவே விற்றாயிற்று. படம் ஓடத் தியேட்டர்கள் கைவிரலில் எண்ணிவிடலாம். அன்றைக்கு எந்த வங்கியும் அவருக்குக் கடன் கொடுத்திருக்காது. அதனால்தான் சொந்தச் சொத்தை வைத்து விளையாடினார்.

கதையும் வித்தியாசமானது. அந்தக் காலத்து இந்திய மௌனப் படங்களில் பெரும்பாலும் ராமனும் கிருஷ்ணனும் அரிச்சந்திரனும்தான். டேனியல் எடுத்தது சமூகக் கதை. திருவிதாங்கூரில் வசதியான வீட்டுப் பையன் ஒருவனை வில்லன் பூதநாதன் கடத்திக்கொண்டு போய் இலங்கையில் விட்டுவிடுகிறான். பையன் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வளர்ந்து, பிறகு சூப்பிரண்டாக உயர்கிறான். கடைசியில் முதுகில் இருக்கும் தழும்பை வைத்து அடையாளம் கண்டு குடும்பம் ஒன்று சேர்கிறது. படத்தின் பெயர் "விகதகுமாரன்". தொலைந்துபோன பிள்ளை என்று அர்த்தம்.

நம் பக்கத்து ஜனங்களுக்கு இந்தக் கதை கற்பனை இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே தென் திருவிதாங்கூரிலிருந்து காப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் கப்பல் ஏறியவர்கள் எத்தனையோ பேர். போய்த் திரும்பாதவர்கள் இல்லாத ஊர் குறைவு. நாமெல்லாம் வளைகுடாவுக்கு வருவதற்கு நூறு வருடம் முன்பே நம் ஊரில் "அக்கரைக்குப் போனவன்" உண்டு. மலையாளத்தின் முதல் படமே புலம்பெயர்ந்தவன் கதை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரோஜினி கிடைத்த கதை

படத்துக்குக் கதாநாயகி வேண்டும். கதாநாயகி பெயர் சரோஜினி, தொலைந்த பையனின் தங்கை, நாயர் வீட்டுப் பெண். யார் நடிப்பது?

இந்தப் பிரச்சினை டேனியலுக்கு மட்டும் வந்ததல்ல. 1913இல் பால்கே "ராஜா ஹரிச்சந்திரா" எடுத்தபோது நடிக்கப் பெண்ணே கிடைக்கவில்லை. சாலுங்கே என்ற ஆண்தான் தாராமதியாக நடித்தார். பிறகு வந்த மௌனப் பட நட்சத்திரங்களைப் பாருங்கள். சுலோச்சனாவின் நிஜப் பெயர் ரூபி மையர்ஸ், சீதாதேவியின் நிஜப் பெயர் ரெனீ ஸ்மித், பேஷன்ஸ் கூப்பர் சொந்தப் பெயரிலேயே நடித்தார். யூதப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும்தான் இந்துக் குடும்பப் பெண்ணாகத் திரையில் வந்தார்கள். "நல்ல குடும்பத்துப் பெண்" யாரும் காமிரா முன்னால் நிற்க வரவில்லை. டேனியலும் முதலில் பம்பாயிலிருந்து ஒரு நடிகையை ஏற்பாடு செய்து பார்த்தார். சரிப்படவில்லை.

அப்போது படத்தில் வில்லனாக நடித்த ஜான்சன் ரோசியைச் சொன்னார். இந்த ஜான்சன் யார் என்றால், பின்னாளில் எம்.ஜி.ஆருடன் "ஜெனோவா"வில் நடித்த பி.எஸ். சரோஜாவின் தகப்பனார். ராஜம்மாவாகப் பிறந்து ரோசம்மாவாக இருந்தவர் சினிமாவுக்காக ரோசி ஆனார் என்று சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு 5 ரூபாய் சம்பளம், பத்து நாள் வேலை. காலையில் தன் சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வருவார், நடித்து முடித்துவிட்டுச் சாயங்காலம் காக்காரிசி ஆடப் போய்விடுவார் என்று டேனியல் நினைவுகூர்ந்ததாக எழுதியிருக்கிறார்கள்.

அந்தச் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தான் என்ன வேடம் போட்டாலும், காமிரா நின்றதும் யாரோடு பந்தியில் உட்காரலாம், யாரோடு உட்காரக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் நடித்தார். அதுதான் துணிச்சல். விவரம் தெரியாமல் மாட்டிக்கொண்ட அப்பாவிப் பெண் என்று சிலர் அவரைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ராத்திரி ராத்திரியாக ஜனங்கள் முன்னால் நின்று கூத்தாடிய பெண்ணுக்கு ஜனங்களைத் தெரியாதா என்ன?

கேபிடல் தியேட்டரில் நடந்தது

படம் திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் திரையிடப்பட்டது. 1928 என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். பிற்பாடு கிடைத்த ஆதாரங்களை வைத்து 1930 அக்டோபர் 23 என்று இன்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். தொடங்கி வைத்தவர் பிரபல வக்கீல் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை. ஊர்ப் பெரிய மனிதர்களெல்லாம் வந்திருந்தார்கள். ஒரே ஒருவருக்குத்தான் இடமில்லை. படத்தின் கதாநாயகிக்கு. அவள் உள்ளே உட்கார்ந்தால் நாங்கள் உட்கார மாட்டோம் என்பது பெரிய மனிதர்களின் நிபந்தனை.

படம் ஓடத் தொடங்கியது. திரையில் சரோஜினி நல்ல சேலை உடுத்து, நகை போட்டு, தலையில் பூ வைத்து நாயர் பெண்ணாக வருகிறாள். கதாநாயகன் அவள் கூந்தலில் இருந்த பூவை முத்தமிடுகிறான். அவ்வளவுதான், கூச்சல் கிளம்பியது. கல் பறந்தது. திரை கிழிந்தது. டேனியல் தப்பித்து வெளியே ஓட வேண்டியதாயிற்று.

பூ விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் "ஒரு பூவுக்கா இவ்வளவு சண்டை?" என்று கேட்பார்கள். பிரச்சினை பூ அல்ல. பொன்னும் பூவும் நல்ல சேலையும் தங்களுக்கு மட்டுமே என்று வைத்திருந்த அடையாளங்களை ஒரு புலையப் பெண் அணிந்து காட்டினாள், அது அவளுக்குப் பொருந்தியும் இருந்தது. அதுதான் பிரச்சினை. கோமாளி மாதிரி இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். நிஜமாகவே சரோஜினி மாதிரி இருந்ததால்தான் கல் எடுத்தார்கள். அந்தக் கல்தான் ரோசி நன்றாக நடித்தார் என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே விமர்சனம்.

சண்டை தியேட்டரோடு முடியவில்லை. ரோசியின் குடிசையைத் தாக்கினார்கள், தீ வைத்தார்கள். இது நடந்தது வைக்கம் போராட்டம் முடிந்து ஐந்து வருடத்துக்குப் பிறகு. கோயில் நுழைவுப் பிரகடனம் வருவதற்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது.

ஒரு ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன். 1931இல், சரியாக ஒரு வருடம் கழித்து, தமிழின் முதல் பேசும்படம் "காளிதாஸ்" வந்தது. கதாநாயகி திருவையாற்று டி.பி. ராஜலட்சுமி. அவருக்கும் கஷ்டங்கள் உண்டு, பாலிய விவாகம், வறுமை எல்லாம் பார்த்தவர்தான். ஆனால் சினிமா அவரைக் கொண்டாடியது. "சினிமா ராணி" பட்டம் கிடைத்தது, பிறகு சொந்தமாகப் படம் எடுத்து இயக்கவும் செய்தார். அவர் பிறந்தது பிராமணக் குடும்பம். ஒரு வருட இடைவெளியில் மலைக்கு இந்தப் பக்கம் ஒருவர் ராணி, அந்தப் பக்கம் ஒருவர் அகதி.

தெற்கே போன லாரி

உயிருக்குத் தப்பி ஓடிய ரோசி தெற்கே போகும் ஒரு லாரியில் ஏறினார். ஓட்டியவர் கேசவ பிள்ளை. நாயர் சமூகத்தவர். நாகர்கோவிலில் அவரையே கல்யாணம் செய்துகொண்டு, ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்க்கையைத் தொடங்கினார்.

அந்த லாரி போன பாதை நம் எல்லோருக்கும் மனப்பாடம். கரமனை, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, களியிக்காவிளை, மார்த்தாண்டம், நாகர்கோவில். லீவுக்குத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கி டாக்ஸி பிடித்துக் குமரி மாவட்டத்துக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் போகிற பாதை. பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது நாம் கடந்து போகிற அதே சாலையில்தான் மலையாளத்தின் முதல் நாயகி தன் பெயரை விட்டுவிட்டுப் போனார்.

இப்போது என் நண்பரின் கடைசி வாக்கியத்துக்கு வருகிறேன். "தமிழ்நாட்டுக்கு ஓடிப்போய்விட்டார்." இது கணக்கில் பிழை. 1930இல் தமிழ்நாடு என்று ஒரு மாநிலமே இல்லை. நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஊர். அதே மகாராஜா, அதே போலீஸ், அதே சட்டம். பாறசாலையில் எல்லையும் இல்லை, அமரவிளையில் சோதனைச் சாவடியும் இல்லை. ரோசி எந்த மாநில எல்லையையும் தாண்டவில்லை. சொந்த நாட்டுக்குள்ளேயேதான் ஒளிந்து வாழ்ந்தார்.

எல்லை வந்தது 1956 நவம்பர் 1இல். நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டமும், 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடும் நம் வீடுகளில் சொல்லிக் கேட்ட கதைகள். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ரோசி, இந்தப் பக்கம் அவருடைய சினிமா!

டேனியலுக்கும் இதே கதிதான். படம் கடனில் முடிந்தது. கருவிகளை விற்றார், ஸ்டூடியோவை மூடினார். பல் மருத்துவம் படித்துத் தமிழகத்து ஊர்களில் டாக்டராகத் தொழில் நடத்தினார். பிறகும் சினிமா ஆசை விடவில்லை, கையில் இருந்ததையும் இழந்தார். வயதான காலத்தில் அகஸ்தீஸ்வரத்துக்குத் திரும்பினார். நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகை கேட்டபோது, நீங்கள் தமிழ்நாட்டுக்காரர் அல்லவா என்று கேரளம் கைவிரித்தது. தமிழ்நாட்டுக்கோ அவர் மலையாளப் படம் எடுத்தவர். 1975இல் வறுமையில் இறந்தார்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. சென்னையில் "நீங்க மலையாளியா?" என்பார்கள், திருவனந்தபுரத்தில் "தமிழனா?" என்பார்கள். நமக்கு அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஒரு கிழவனுக்கு அது மருந்துக் காசு.

இதில் என்னைத் தூங்கவிடாத ஒரு விஷயம் உண்டு. நாகர்கோவிலுக்கும் அகஸ்தீஸ்வரத்துக்கும் இடையே 20 கிலோமீட்டர்கூட இருக்காது. மலையாள சினிமாவின் முதல் இயக்குநரும் முதல் நாயகியும் ஒரே மாவட்டத்தில், ஒரு டவுன் பஸ் தூரத்தில், ஊர் அறியாமல் வயதாகிப் போனார்கள்.

வாழ்நாள் முழுக்க ஒரே வேடம்

ரோசி 1988வரை வாழ்ந்தார் என்று குறிக்கிறார்கள். அதாவது சுமார் 58 வருடம் ராஜம்மாள். இந்த இடைவெளியில் 1933இல் நாகர்கோவில் சுந்தர்ராஜ் "மார்த்தாண்டவர்மா" எடுத்தார். டேனியலின் உறவினர்தான். 1938இல் நாகர்கோவில்காரர் சுந்தரம் பிள்ளையின் கதையை வைத்து சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் மலையாளத்தின் முதல் பேசும்படம் "பாலன்" எடுத்தது. மலையாள சினிமா வளர்ந்தது, தேசிய விருதுகள் வாங்கியது. நாயகிகள் வந்தார்கள், போனார்கள். நாகர்கோவில் தியேட்டர்களில் அந்தப் படங்கள் ஓடின. முதல் நாயகி அதே ஊரில் அடுப்பெரித்துக்கொண்டிருந்தார்.

ஏன் வாயே திறக்கவில்லை? காரணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் இப்போது பிள்ளை வீட்டுப் பெண். தான் நடிகை என்று சொன்னால் "எந்த ரோசி?" என்று கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் சாதி வெளியே வரும். சாதி வெளியே வந்தால் பிள்ளைகளின் கல்யாணம் நிற்கும், வீட்டுக்காரருக்கு ஊரில் மரியாதை போகும். ஆகவே கலையையும் பெயரையும் பிறந்த வீட்டையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டினார். பிள்ளைகளுக்கே அம்மாவின் பழைய வாழ்க்கை சரியாகத் தெரியாது என்கிறார்கள்.

நாயர் பெண்ணாகப் பத்து நாள் நடித்ததற்குத்தான் அவரை ஊரைவிட்டு விரட்டினார்கள். விரட்டியதன் விளைவாக, அதே நாயர் பெண் வேடத்தை அவர் சாகும்வரை நடிக்க வேண்டியதாயிற்று. இந்தத் தடவை காமிரா இல்லை, யாரும் கல் எறியவில்லை. ஏனென்றால் 58 வருடமும் யாருக்கும் சந்தேகமே வரவில்லை! பிறப்பால் வருவது என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த "குலத்தழகு" உடுப்பும் பழக்கமும்தான் என்பதை இதைவிட நன்றாக யாரால் நிரூபிக்க முடியும்?

தாமதமாக வந்த வரவு

பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. டேனியலின் சின்ன மகன் சிறுவனாக இருந்தபோது படச்சுருளைக் கொளுத்தி விளையாடிவிட்டான் என்பது அந்தக் குடும்பத்திலிருந்து வந்த செய்தி. ரோசியின் படம் என்று சுற்றிக்கொண்டிருக்கும் புகைப்படம் அவருடையதுதானா என்பதிலும் சர்ச்சை உண்டு. முகமே இல்லாத நாயகி.

பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் அகஸ்தீஸ்வரம்வரை தேடி வந்து டேனியலின் கதையை வெளியே கொண்டுவந்தார். குன்னுகுழி எஸ். மணி ரோசியைத் தேடி எழுதினார். 1992இல் கேரள அரசு டேனியல் பெயரில் விருது ஏற்படுத்தியது. உதவித்தொகை மறுத்த அதே அரசின் மிக உயர்ந்த சினிமா விருது இன்று அதுதான். வினு ஆபிரகாம் "நஷ்ட நாயிகா" என்று ரோசியை வைத்து நாவல் எழுதினார். 2013இல் இயக்குநர் கமல் எடுத்த "செல்லுலாய்ட்" வந்த பிறகுதான் பொதுஜனங்களுக்கு ரோசி தெரிந்தார். (இவர் மலையாள இயக்குநர் கமல், நம் கமல்ஹாசன் அல்ல.) 2019இல் கேரளத் திரைத்துறைப் பெண்கள் கூட்டமைப்பு ரோசி பெயரில் திரைப்படச் சங்கம் தொடங்கியது. 2023 பிப்ரவரி 10இல், அவருடைய 120ஆவது பிறந்த நாளுக்கு, கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்து வைத்தது. சென்னையில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் ரோசி பெயரில் திரைப்பட விழா நடத்தியது. பஞ்சமி உட்கார்ந்த ஊரூட்டம்பலம் பள்ளிக்கு 2022இல் அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டினார்கள்.

நல்லதுதான். ஆனால் வங்கி பாஷையில் சொன்னால், வராக்கடன் என்று எழுதித் தள்ளிய பிறகு வந்த வசூல் இது. கணக்குப் புத்தகம் நேராகும். வாடிக்கையாளர் உயிரோடு இல்லை.

நமக்கு இதில் என்ன வேலை?

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு ஒரு வசதி உண்டு. இங்கே யாரும் நம் சாதியைக் கேட்பதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நிஜமாகவே கேட்பதில்லையா? தமிழ்ச் சங்க விழாவில் புதிதாக ஒரு குடும்பம் வந்தால், "ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்? எந்தச் சர்ச், எந்தக் கோயில்?" என்று மூன்று கேள்வியில் விடையைக் கண்டுபிடிக்கிற சாமர்த்தியம் நம்மில் பலருக்கு இன்னும் இருக்கிறது. அந்த மூன்று கேள்விக்குப் பயந்து, கேட்பதற்கு முன்பே பேச்சை மாற்றுகிற குடும்பங்களும் நம் நடுவில் இருக்கின்றன. அவர்கள் வீட்டில் ஒவ்வொருவரும் கொஞ்சம் ராஜம்மாள்தான்.

பெண் குழந்தைகளை மேடையேற்றுகிறோம். பரதநாட்டியம் என்றால் பத்தாயிரம் படம் எடுக்கிறோம். அதே பெண் பதினெட்டு வயதில் நடிக்கப் போகிறேன், கூத்து கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றால் நம் முகம் எப்படி மாறும்? கேபிடல் தியேட்டர் ரொம்ப தூரத்தில் இல்லை.

ரோசியைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பாவப்பட்ட பெண் என்று சொல்லாதீர்கள். ஆண்களே ஆடிய கூத்தில் ஆடியவர், தன் ஊரில் யாரும் அதுவரை நிற்காத காமிரா முன்னால் நின்றவர், தன் சாதிக்கு மறுக்கப்பட்ட பூவை ஊர் முழுக்கப் பார்க்கத் தலையில் வைத்தவர் என்று சொல்லுங்கள். 27 வயதில் அவர் செய்ததைச் செய்ய நம்மில் எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

இன்னொன்று. காக்காரிசி நாடகம் பார்த்த வயதானவர்கள் பாறசாலை, தனுவச்சபுரம், நெய்யாற்றின்கரைப் பக்கத்து வீடுகளில் இன்னும் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை ஊருக்கு போன் போடும்போது உடம்பு எப்படி, மழை உண்டா என்று கேட்ட பிறகு இதையும் கேளுங்கள். கூத்து எங்கே நடந்தது, யார் ஆடினார்கள், பெண்கள் யாராவது ஆடினார்களா? பெயர் சொன்னால் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.